வைக்கோல் டயரில் போன ஞானம்மா

ஞானம்மா போய்விட்டாள்.

காலையில் விழுப்புரத்திலிருந்து அவள் மகன் போன் செய்தான். "சித்தி, அம்மா தூக்கத்துலயே போயிட்டாங்க..." 

என் ஃப்ரெண்ட் லிஸ்டில் இருக்கும் யாருக்கும் அவளைத் தெரியாது. தெரிந்தவர்கள் எல்லாம் எப்போதோ போய்ச் சேர்ந்துவிட்டார்கள். ஆனாலும் யாரிடமாவது சொல்லியாக வேண்டும். தொண்ணூறைத் தாண்டிய விரல்... எழுத்துப் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நாற்பதுகளில், யுத்த சமயம். திண்டிவனத்தில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் நாங்கள் இரண்டு பேரும் மிட்வைஃப். ஒரே ரூம், ஒரே அடுப்பு, இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே சைக்கிள். கிராமத்துப் பிரசவம் என்றால் ஞானம்மா மிதிப்பாள். மருந்துப் பையை மடியில் வைத்துக்கொண்டு நான் கேரியரில்.

ரிப்பேர் எல்லாம் எங்கள் ரூம் வாசலில்தான். ஒரே ஒரு முறை சைக்கிள் கடைக்குப் போனோம். பஞ்சர் ஒட்டியவன் ஒருத்தன், பொம்பளை சைக்கிள் ஓட்டுகிறாள் என்று வேடிக்கை பார்த்தது தெருவே.

"இந்தப் பேஜாரே வேணாம்டி தெரேசு. நாமளே பாத்துக்கலாம்" என்றாள்.

சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்து, சாப்பிடுகிற ஸ்பூன் காம்பால் டயரை நெம்பிக் கழற்றுவாள். செயினுக்கு விளக்கெண்ணெய் போட்டது அவள் யோசனைதான். புழுதி அப்பி, செயின் முறுக்கு மாவு மாதிரி ஆகிவிட்டது. அதைக் கழுவி எடுக்க விளக்கு மண்ணெண்ணெய் மொத்தமும் தீர்ந்து, இருட்டில் உட்கார்ந்து சோறு தின்றோம். நான் திட்டிக்கொண்டே தின்றேன்.

கர்ப்பிணியின் வயிற்றில் வைத்துக் குழந்தையின் துடிப்பைக் கேட்க ஒரு மரக்குழல் உண்டு. ஒரு நாள் ட்யூபை முக்கிப் பார்க்கத் தொட்டியில் தண்ணீர் இல்லை, பஞ்சர் எங்கே என்று தெரியவில்லை. ஞானம்மா அந்தக் குழலை எடுத்து ட்யூப் மேல் வைத்துக் காதைக் கொடுத்தாள்.

"இங்கதாண்டி மூச்சு உடுது!"

நான் சிரித்த சிரிப்பில் ஆஸ்பத்திரி ஆயா ஓடி வந்துவிட்டாள்.

அப்புறம் ட்யூபே கிடைக்காமல் போனது. ரப்பர் எல்லாம் பட்டாளத்துக்கு. விழுப்புரம் வரை போய்க் கேட்டுப் பார்த்துவிட்டு வெறுங்கையோடு திரும்பி வந்தாள். எங்கள் முன் சக்கர ட்யூபில் ரப்பரைவிட ஒட்டுதான் அதிகம்.

அந்த நாட்களில் ஒரு காலை, கன்னியப்பன் என்பவர் மூச்சிரைக்க ஓடி வந்தார். கூட்டேரிப்பட்டு போகும் ரோட்டில் மூன்று மைல் தள்ளி ஒரு சேரி. பண்ணையில் கூலி வேலை.

"நர்ஸம்மா, எம் பொண்டாட்டி அஞ்சலைக்கு... கொழந்த காலு மொதல்ல வந்துக்கினு கீதாம். ஜல்தி வாங்கம்மா!"

அந்தச் சேரிக்கு மாட்டு வண்டி வராது. வண்டிக்காரர்கள் உள்ளே வர மாட்டார்கள். 'அந்தக் காலம் அப்படி' என்றெல்லாம் நான் பூசி மெழுக மாட்டேன். அயோக்கியத்தனம்.

சைக்கிளில் கிளம்பினோம், கன்னியப்பன் கூடவே ஓடி வந்தார். பாதி வழியில் முன் ட்யூப் வால்வோடு கிழிந்தது. ஒட்டவே முடியாது. நடந்து போனால் நேரமாகிவிடும். தலை சிக்கிக்கொண்டால் பிள்ளையும் போகும், தாயும் போவாள்...

"டயருக்குள்ள எதனா அடைச்சா போயிடலாம்" என்றாள் ஞானம்மா.

ரோட்டோரக் களத்தில் பண்ணைக்காரருடைய வைக்கோல் போர். ஆண்டை போரில் கை வைத்தால் மரத்தில் கட்டி வைத்து அடிப்பார்கள். கன்னியப்பன் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். ஓடிப்போய் இரண்டு கையாலும் பிடுங்கிக்கொண்டு வந்தார்.

வைக்கோலை முறுக்கி முறுக்கி டயருக்குள் திணித்தோம். பையை ஹேண்டில்பாரில் மாட்டிக்கொண்டு ஞானம்மா தனியாக மிதித்தாள். நானும் அவரும் பின்னால் ஓடினோம். வழியெல்லாம் அவர் மாதாவையும் கூப்பிட்டார், மாரியாத்தாளையும் கூப்பிட்டார்.

நாங்கள் சேரிக்குள் நுழையும்போது குழந்தை அழுகிற சத்தம் கேட்டது. அஞ்சலையும் பிழைத்துக்கொண்டாள். கன்னியப்பன் அப்படியே மண்ணில் உட்கார்ந்து அழுதார். நானும் அழுதேன்.

அடுத்த அறுப்பு முடிந்ததும் ஆஸ்பத்திரி வாசலில் வந்து நின்றார். தலையில் ஒரு கட்டு வைக்கோல்.

"இது திருடுனது இல்லம்மா. கூலியில கேட்டு வாங்கனது. ஒங்க சைக்கிளுக்கு."

தூசி தும்பு இல்லாமல் உதறி, காய வைத்துக் கட்டியிருந்தார். அதிலிருந்து ஒவ்வொரு அறுப்புக்கும் வைக்கோல் வந்தது.

யுத்தம் முடிந்தது. விழுப்புரம் கடைக்கு ட்யூப் வந்ததும் வாங்கி மாட்டினோம். அடடா, என்ன சொகுசு! என் இடுப்பு வலி பறந்துபோனது.

நாலே நாளில் அடுத்த அறுப்பு. கன்னியப்பன் கட்டோடு வந்து நிற்கிறார்.

புது ட்யூப் வந்துவிட்டது என்று சொல்ல வாயைத் திறந்தேன். ஞானம்மா என் காலை ஓங்கி மிதித்தாள்.

"வைங்கண்ணே. நல்ல நேரத்துல கொணாந்தீங்க, பழசு நைஞ்சி போச்சி."

அவர் போனதும் ஸ்பூனை எடுத்தாள். புது ட்யூபைக் கழற்றி, மடித்துப் பெட்டியில் வைத்தாள்.

"ஏண்டி, பைத்தியமா ஒனக்கு?" என்றேன்.

"சந்தைக்கு வரப்பல்லாம் அவரு நம்ம டயர அமுக்கிப் பாத்துட்டுதான் போறாரு, நீ கவனிக்கலையா? உள்ள காத்து இருந்தா தெரிஞ்சிடும்டி."

அந்த வருஷம் முழுக்க வைக்கோலில்தான் போனோம்.

அடக்கம் நாளைக் காலை. என் கால் இனி பஸ் ஏறாது. இங்கிருந்தே ஜெபமாலை சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

போய் வாடி ஞானம்...