மூன்று டின் சாசேஜ்

சாசேஜை வீட்டில் சமைக்க உருப்படியான வழி ஒன்றுதான் உண்டு. அதைத் தெரிந்துகொள்ள எனக்குப் பத்து நாளும் மூன்று டின்னும் செலவாயின. முதல் இரண்டு டின்னை நாங்கள் கெடுத்த கதையைச் சொன்னால் இப்போது எல்லாரும் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். அன்றைக்கு எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அது சண்டைக் காலம். என் வீட்டுக்காரர் பட்டாளத்தில் லாரி ஓட்டிக்கொண்டிருந்தார். வீட்டுக்கு ஒரே மகன். கிணற்றில் மாடு கட்டித் தண்ணீர் இறைக்க வேறு ஆள் கிடையாது. அப்படியிருக்க, ராசிபுரம் சந்தைக்குப் போவதாகச் சொல்லிவிட்டுச் சேலத்துக்குப் பஸ் ஏறி, பட்டாளத்தில் பேர் கொடுத்துவிட்டு வந்தார். அன்றோடு என் மாமனார் மகனிடம் பேச்சை நிறுத்திக்கொண்டார். ஒன்றரை வருஷம் கழித்து இவர் பத்து நாள் லீவில் வந்தபோதும் வாய் திறக்கவில்லை. "வந்த விருந்தாளிக்குச் சோறு போட்டாச்சா?" என்று என்னிடம்தான் கேட்பார், மகன் காதில் விழும்படியாக. பிறகு தன் சோற்றைத் தூக்குப்போசியில் வாங்கிக்கொண்டு காட்டு வேலைக்குப் போய்விடுவார்.

இரண்டாம் நாள் இவர் என்னிடம் சொன்னார்: "இந்தத் தடவை பர்மாப் பக்கம் அனுப்பறாங்க. அப்பா ஒரு வார்த்தை பேசாம அனுப்பிச்சா, போற எடத்துல எனக்கு எப்புடி மனசு நிக்கும்?"

புருஷனுக்காக மாமனாரிடம் பரிந்து பேச அன்றைய மருமகளுக்கு ஏது வாய்? எனக்குத் தெரிந்தது அடுப்பு ஒன்றுதான். புதுசாக எதையாவது ருசியாகச் சமைத்து, அப்பனையும் மகனையும் ஒரே பந்தியில் உட்கார வைப்பது என்று முடிவு கட்டினேன்.

புதுசுக்குப் பஞ்சமில்லை. இவருக்கும் சேர்த்துச் சாப்பாடு போடும் வெள்ளைக்காரச் சிப்பாய்களின் சமையல்கட்டிலிருந்து, அரைத்த கறியை விரல் நீளத்துக்கு உருட்டி அடைத்த சாசேஜ் மூன்று டின் கொண்டுவந்திருந்தார்.

"ஏஞ்சாமி, மாடு கீடு இல்லையே?" என்றார் மாமியார்.

"இல்லீங்கம்மா, பன்னிதானுங்க. கேட்டுத்தான் வாங்கியாந்தேன்."

கத்தியால் கொத்தித் திறந்தோம். வெளிறிய விரல்களாக, உறைந்த கொழுப்புக்குள் படுத்திருந்தன. கறி என்றால் வேக வேண்டும் என்பது மாமியாரின் சட்டம். மிளகாயும் மல்லியும் வறுத்து அரைத்து, தேங்காய்ப்பால் ஊற்றி, மண்சட்டியில் நன்றாகக் கொதிக்கவிட்டார். மூடியைத் திறந்தால் கறியைக் காணோம். கரைந்து கூழாகிவிட்டது. மாமனார் வாசற்படியிலேயே மோந்து பார்த்துவிட்டுப் போசியோடு கிளம்பிவிட்டார்.

"ஈரக்கறி, அதான் கரைஞ்சுபோச்சு. உப்புக்கண்டம் போட்டுருவோம்" என்றார் மாமியார். மேச்சேரி ஆட்டுக்கறியை வருஷா வருஷம் கண்டம் போட்டவர், எதிர்த்துப் பேச முடியுமா? இரண்டாவது டின்னை உப்பும் மஞ்சளும் தடவி, கோணி ஊசியால் நூலில் கோத்து வெயிலில் கட்டினோம். உச்சி வெயிலில் கொழுப்பு உருகிச் சொட்டியது. நூல் கறியை அறுத்துக்கொண்டு வர, ஒவ்வொன்றாகத் தரையில் விழுந்தது. அடுத்த வீட்டு நாய் மூன்று நாள் எங்கள் வாசலை விட்டு நகரவில்லை. மாமியார் நாயை விட்டுவிட்டு வெள்ளைக்காரனைத் திட்டினார்.

லீவு முடிகிற நாளும் வந்துவிட்டது. மத்தியானம் பஸ். மகன் கிளம்புகிறான் என்று மாமியார் கோழி அடித்துக் குழம்பு வைத்திருந்தார். அழுகையை அடக்கிக்கொண்டு கேட்டேன்: "ஏனுங்க, அவங்க இதை எப்புடித்தான் திங்கறாங்க?"

"இப்பக் கேக்கற பாரு" என்று சிரித்தார். ஆம்பிளை அடுப்படியில் குந்துவதா என்று மாமியார் முகத்தைத் திருப்பிக்கொண்டார். இவர் கேட்கவில்லை. தீபாவளிக்கு மட்டும் எடுக்கும் தோசைக்கல்லை எடுக்கச் சொன்னார். விறகை வெளியே இழுத்துத் தணல் மட்டும். கல்லில் ஒரு சொட்டுக் கடலை எண்ணெய் போதும், மீதிக்கு அதன் கொழுப்பே உருகிவரும். குத்தக் கூடாது, அழுத்தக் கூடாது. அவசரப்படாமல் மெல்ல மெல்ல உருட்டிக்கொண்டே இருந்தால், மேல்பக்கம் புளியங்கொட்டை நிறத்துக்கு வரும். அவ்வளவுதான் வித்தை.

மிளகாய்ப் பொடியோடு வந்த மாமியாரின் கையை இவர் பிடித்துக்கொண்டார். "வேண்டாமுங்கம்மா. நாங்க பட்டாளத்துல திங்கற மாதிரியே இருக்கட்டும்."

மாமனார் அன்று காட்டுக்குப் போகவில்லை. மாட்டுக்குப் போட்ட சோளத்தட்டையே திரும்பத் திரும்பத் தள்ளிப் போட்டுக்கொண்டிருந்தார். நான் யாரையும் கேட்காமல் இரண்டு வட்டிலை அருகருகே வைத்தேன். மாமனார் கை கழுவிக்கொண்டு வந்து மகனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். சாசேஜில் ஒரு துண்டை வாயில் போட்டார். வெகுநேரம் மென்றார். காரம் இல்லை, மணம் இல்லை. போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்தேன்.

அவர் தலை நிமிர்ந்து மகனைப் பார்த்தார்.

"அங்க தெனமும் இதைத்தான் போடறாங்களா சாமி, உனக்கு?"

"ஆமாங்கப்பா."

தன் வட்டிலில் இருந்த கோழிக்கறியையெல்லாம் வழித்து மகன் வட்டிலில் போட்டார். "தின்னு சாமி" என்றார். மாமியார் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

பஸ் நிற்கும் ரோட்டுக்கு ஒரு மைல். அப்பனும் மகனும் முன்னால் பேசிக்கொண்டே நடந்தார்கள். நான் பின்னால் மூட்டையோடு நடந்தேன். கிணறு, மாடு, மழை, பட்டாளம் என்று ஒன்றரை வருஷப் பேச்சு. என்னிடம் ஒரு வார்த்தை சொல்ல நேரமில்லாமல் இவர் பஸ் ஏறிவிட்டார். வீடு திரும்பும் வரை மாமனாரை மனசுக்குள் வைதுகொண்டே வந்தேன். இவர் திரும்பி வரட்டும், இதற்கொரு சண்டை உண்டு என்று வைராக்கியமாக இருந்தேன்.

சண்டை முடிந்து இவர் திரும்பி வந்தார். அதற்கு நான்கு மாதம் முன்பே மாமனார் போய்ச் சேர்ந்திருந்தார். "நல்லவேளை, அன்னைக்கு ரோடு வரைக்கும் பேசிக்கிட்டே போனோம்" என்று இவர் வாசலில் நின்று அழுதார். ஆமாங்க என்றேன். என் சண்டையை நான் போடவே இல்லை.