ஊது, போதும்

போன மாதம் லண்டனில், தோர்ண்டன் ஹீத்தில் உள்ள மருத்துவமனையில் ஒரு தாதி பிளாஸ்டிக் குழாயொன்றைக் கையில் தந்து, நெஞ்சு நிறைய மூச்சை இழுத்து ஊதச் சொன்னாள். இருமல் விடாததால் மனைவி பிடித்துத் தள்ளாத குறையாக அனுப்பிவைத்த சோதனை அது. ஊதத் தொடங்கியதுமே என் கண்கள் ஒரு முகத்தைத் தேடின. தாதியோ திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் நிறுத்தச் சொல்லும்வரை நானும் நிறுத்தவில்லை. இந்த வயதுக்கு இது நல்ல மூச்சு, என்ன வேலை செய்கிறீர்கள் என்று கேட்டாள். வீடுகளுக்கு யன்னல் கண்ணாடி போடுகிறேன் என்றேன். அது உண்மைதான். ஆனால் அந்த மூச்சு யன்னல் போட்டு வந்ததல்ல.

அது முரானோவில் வந்தது. வெனிஸ் நகரத்திலிருந்து படகில் போனால் சற்று நேரத்தில் வந்துவிடும் கண்ணாடித் தீவு. லண்டனுக்கு வருவதற்கு முன்னர் அங்கே ஓர் உலையில் பல வருடங்கள் வேலை செய்தேன். உலையின் தலைவரை நாங்கள் மாயெஸ்த்ரோ என்று கூப்பிடுவோம். அவர் வாங்கு என்ற மர இருக்கையில் உட்கார்ந்திருப்பார். அதன் இரண்டு பக்கமும் நீண்ட கைகள். அவற்றின்மேல் இரும்புக் குழலைக் கிடத்தி, இடது உள்ளங்கையால் ஓயாமல் உருட்டிக்கொண்டேயிருப்பார். குழலின் நுனியில் சீனிப்பாணிபோல உருகிய கண்ணாடி. உருட்டுவதை ஒரு கணம் விட்டாலும் அது ஒரு பக்கமாக வழிந்துவிடும். நனைத்து மடித்த பழைய பத்திரிகைத் தாளை வலது கையில் வைத்துக்கொண்டு அந்த நெருப்பை அவர் தடவி உருவாக்கும்போது, தாள் கருகும் மணம் எழும்பும். குழலின் மறுமுனையில் முழங்காலில் நின்று ஊதுகிறவன் நான். மாயெஸ்த்ரோதான் ஊதுகிறார் என்று உலகமே நம்பிக்கொண்டிருக்கிறது. சுற்றுலாக்காரர் எடுத்த படங்களில் அவர் முழுதாக இருப்பார், எனக்கு ஒரு பக்கக் கன்னம் மட்டும் கிடைத்திருக்கும்.

தொடக்கத்தில் இத்தாலிய மொழியில்தான் கட்டளை வரும். ஒருநாள் இதை உங்கள் மொழியில் எப்படிச் சொல்வீர்கள் என்று மாயெஸ்த்ரோ கேட்டார். சொன்னேன். அன்றிலிருந்து "ஊது", "போதும்" என்ற இரண்டு தமிழ்ச் சொற்களால் எங்கள் உலை நடந்தது. அது பழைய கண்ணாடிக்காரரின் இரகசியப் பாஷை என்று ஒரு வழிகாட்டி சுற்றுலாக் கூட்டத்துக்கு விளக்கம் கொடுத்தான். மாயெஸ்த்ரோ அதை மறுக்கவில்லை, மீசைக்குள் சிரித்தார்.

இடைவேளையில் கோப்பி குடித்தபடி தீவின் கதை சொல்வார். உலைகளால் நகரம் எரிந்துபோகும் என்று பயந்து முன்னொரு காலத்தில் எல்லாவற்றையும் இந்தத் தீவுக்கு அனுப்பினார்கள். பிறகு தொழில் இரகசியம் வெளியே போய்விடும் என்ற பயம் வந்தது. மாயெஸ்த்ரோக்கள் தீவை விட்டுப் போகக்கூடாது என்று சட்டம் போட்டார்கள். மீறி ஓடினவனின் குடும்பத்தைப் பிடித்து மறியலில் அடைத்தார்கள், பின்னால் கத்தியோடு ஆள் அனுப்பினார்கள். ஏதோ தன் சித்தப்பா வீட்டில் நடந்ததுபோல அவர் இதைச் சொல்வார். "ஓடினவைக்கு லண்டனில ராசாக்கள் விருந்து வைச்சவை. வைச்சென்ன, போனவன் போனவன்தான்," என்பார். எங்கள் ஊரில் சட்டம் நேர்மாறு, சண்டை மூட்டி எங்களை இருக்க விடவில்லை என்று நான் ஒருமுறை பகிடியாகச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. என் கோப்பையில் தன் கோப்பியில் பாதியை ஊற்றினார்.

விசா இல்லாமல் நான் தவித்த காலத்தில் குடிவரவு அலுவலகத்துக்கு என்னோடு வந்து, எனக்காகச் சண்டை பிடித்த மனிதர் அவர். ஆகவே இத்தாலியக் கடவுச்சீட்டு கைக்கு வந்ததும் வீட்டில் லண்டன் பேச்சு எழும்பியபோது, அவரிடம் எப்படிச் சொல்வது என்றே நாட்களைக் கடத்தினேன். மனைவியின் தமையன் லண்டனில், செவன் கிங்ஸில் இருந்தார். "அண்ணை எல்லாம் பாத்து வைச்சிருக்கிறார். பிள்ளையள் இங்கிலீசில படிக்க வேண்டாமோ? நீங்கள் உந்தக் கிழவனுக்கு ஊதிக்கொண்டே இருக்கப் போறியளோ?" என்றாள் அவள். அவள் சொன்னதில் பிழையில்லை. எனக்கு வேண்டியிருந்தது ஒன்றுதான். மாயெஸ்த்ரோ தன் வாயால் என்னைப் போ என்று சொல்லவேண்டும்.

சொன்னேன். லண்டன் போகிற விஷயத்தைக் கேட்டதும் அவர் குழலை எடுத்துக்கொண்டு உலைக்குத் திரும்பினார். மறுநாள் காலையில் உலையில் இத்தாலிய மொழியில் ஊதச் சொன்னார், இத்தாலிய மொழியில் நிறுத்தச் சொன்னார். என் சொற்கள் இரண்டையும் என்னிடமே திருப்பித் தந்துவிட்டார் என்று விளங்கியது. ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன். கடைசி வாரம் முழுவதும் அப்படியே போனது.

கடைசி நாள், கடைசிக் குழல். மாயெஸ்த்ரோ எழும்பி நின்று, நாடியால் வாங்கைக் காட்டினார். அந்த வாங்கில் அவருடைய மகன்கூட இருந்ததில்லை. நான் தயங்க, அவர் முழங்கால் நோகக் குனிந்து, என் இடத்தில் இருந்து குழலில் வாய் வைத்தார். வேறு வழியில்லாமல் நான் உருட்டத் தொடங்கினேன். "ஊது," என்றேன்.

ஊதினார். கண்ணாடி எலுமிச்சங்காயளவு பருத்தது, அந்த எலுமிச்சங்காய் தேங்காயானது. அவருடைய கண்கள் என் முகத்தில் நின்றன. வாங்கில் இருப்பவன் சொல்லும்வரை ஊதுகிறவன் நிறுத்தக்கூடாது, அதுதான் உலையின் ஒழுங்கு. போதும் என்று நான் சொல்லவேண்டும். சொன்னால் எல்லாம் முடிந்துவிடும். நான் சொல்லாமல் குழலை உருட்டிக்கொண்டேயிருந்தேன். அவர் முகம் சிவக்கச் சிவக்க ஊதிக்கொண்டேயிருந்தார். கண்ணாடி மெலிந்து மெலிந்து, கடைசியில் பட்டென்று உடைந்து, சாம்பல் பறப்பதுபோல உலையெங்கும் பறந்தது.

அவர் எழும்பினார். புருவமெல்லாம் கண்ணாடித் துகள். மூச்சு வாங்கச் சிரித்தார். பிறகு என் தோளைப் பிடித்து, "போதும்," என்றார், தமிழில். மற்றதை இத்தாலிய மொழியில் சொன்னார். "போ. ரயில் உனக்காக நிக்காது."

லண்டனில் கலியாண வீடுகளில் சாப்பிட்டு முடிந்ததும் ஆட்கள் கதிரைகளை இழுத்துப் போட்டுக்கொண்டு ஊர்க் கதை கதைப்பார்கள். நானும் இருந்து கதைப்பேன். ஊரை நினைத்தால் எனக்குத் துக்கத்தோடு கோபமும் வரும், அந்தக் கோபத்தில் ஓர் ஆறுதல் உண்டு. முரானோவை நினைத்தால் அதுவும் கிடையாது. அங்கிருந்து என்னை யாரும் துரத்தவில்லை. நானாகத்தான் வந்தேன், கோபித்துக்கொள்ள ஆளில்லை.