திரும்பி வந்த ஒரு இட்லி

எருமப்பட்டி பக்கம் கோழிப்பண்ணை வைத்திருக்கிறோம். கொரோனா காலத்தில் என் கணவருக்குப் புற்றுநோய் வந்து, சேலத்தில் கீமோ ஏற்றினார்கள். எந்தத் தொற்றும் அண்டக்கூடாது என்றார் டாக்டர். குஞ்சு ஷெட்டுக்குள் போகுமுன் மருந்துத் தண்ணீரில் கால் நனைப்போம். அவரைத் தனி அறையில் வைத்து, அந்த வாசலிலும் அதே மருந்துத் தண்ணீரை வைத்தேன். சாப்பாட்டை ஸ்டூலில் வைத்து, கதவைத் தட்டிவிட்டு நகர்ந்துவிடுவேன்.

தினமும் ஒரு இட்லி திரும்பி வந்தது. வாய் கசக்கிறதோ என்று சட்னியை மாற்றினேன். நான்கு வைத்தாலும் ஒன்று மிச்சம், இரண்டு வைத்தாலும் ஒன்று மிச்சம். இது என்ன விசித்திரம் என்று ஒருநாள் ஒன்றே ஒன்று வைத்துப் பார்த்தேன். பாதி வந்தது.

ஜன்னலுக்கு வெளியே நின்று, "ஏனுங்க, இட்லி புடிக்கலீங்களா?" என்றேன்.

"நல்லாத்தான் இருக்குது. மிச்சம் வெச்சா ஏன்னு கேப்பீன்னு பாத்தேன். அடுத்த கீமோவுக்கு வரலைன்னு சொல்லலாம்னு இருந்தேன். அதச் சொல்லக்கூட ஆளில்லை."

மறுவேளையே முகக்கவசத்தோடு ஜன்னலோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். பேசிக்கொண்டே சாப்பிட்டார். கீமோவுக்கும் வந்தார்.

இப்போது நலமாக இருக்கிறார். வீட்டில் யார் தட்டில் மிச்சம் வைத்தாலும், உப்பைச் சந்தேகப்படுமுன் பக்கத்தில் போய் உட்கார்ந்துவிடுகிறேன்.