காளைக்கும் ஒரு கையெழுத்து

நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். ஆனாலும் மேற்குக் கான்சஸில் நாலாயிரம் ஏக்கர் கோதுமையும் அறுநூறு மாடும் என் கையால் சம்பாதித்தவை. டிராக்டரின் சத்தத்தை வைத்தே எந்த வால்வு போயிற்று என்று சொல்லிவிடுவேன். இவ்வளவு கெட்டிக்காரன், லோர்னா ட்வேட் விஷயத்தில் முட்டாளாக இருந்தேன்.

லோர்னா எங்கள் ஊர் கிளினிக்கின் நர்ஸ். பன்றிப் பண்ணைக்காரர் மகள். பதினாறு வருஷம் அவசரப் பிரிவில் உழைத்து, நாற்பது வயதில் மேற்படிப்பு முடித்து, நோய் பார்த்து மருந்து எழுதும் தகுதி பெற்றவள். ஆனால் அப்போதைய சட்டப்படி அவளுக்கு ஒரு டாக்டர் பொறுப்பேற்க வேண்டும். எங்களுக்கு வாய்த்தவர் நூற்றெண்பது மைல் தள்ளி இருந்தார். மாதம் ஒருமுறை மாட்டுச் சந்தைக்குப் போகும்போது லோர்னா எழுதிய நோய்ச்சீட்டுகளை ஒரு கட்டாக அவர் கையெழுத்துக்கு நான்தான் கொண்டுபோவேன். கிளினிக் குழுவில் நான் உறுப்பினன் அல்லவா. டாக்டர் என் வண்டியின் பானெட் மேல் வைத்தே கையெழுத்துப் போட்டுக் கொடுப்பார்.

அந்த வருஷம் டாக்டர் ஓய்வுபெறப் போவதாகச் சொன்னார். வேறு டாக்டர் சிக்கவில்லை. நர்ஸ்கள் தனியாக வைத்தியம் பார்க்கச் சட்டம் விடாவிட்டால் கிளினிக்கைப் பூட்ட வேண்டியதுதான். அதற்கான மசோதா ஒன்று சட்டமன்றக் குழு முன் வந்தபோது, ஆதரித்துப் பேச லோர்னா தலைநகருக்குப் போனாள். நானும் போனேன், எதிர்த்துப் பேச. சட்டம் விட்டுக்கொடுக்காமல் இருந்தால் நிஜ டாக்டர் யாராவது வந்துதான் தீருவார் என்பது என் கணக்கு.

சட்டமன்ற வாசலில் அவளிடம் முகத்துக்கு நேரே சொன்னேன்: "டாக்டர் பதினோரு வருஷம் படிக்கிறாரு. நீ படிச்சது அதுல பாதி வருமா?"

"வராது. அதனாலதான் எனக்குப் புரியாததை அவங்ககிட்ட அனுப்புறேன். போன வருஷம் நெஞ்சுவலின்னு உங்களை அனுப்பலையா? ஆமா, நீங்க எத்தனை வருஷம் படிச்சீங்க, பெரியவரே?"

நான் உள்ளே போனேன். டாக்டரின் மேற்பார்வை எப்படிப்பட்டது தெரியுமா என்று சட்டமன்றக் குழுவிடம் கால்மணி நேரம் முழங்கினேன். சாட்சிக்கு, டாக்டர் கையெழுத்திட்ட என் சொந்த நோய்ச்சீட்டை எடுத்து நீட்டினேன். தலைவியம்மாள் வாங்கி, கண்ணாடியை இறக்கிப் படித்தார்.

"ஹக்ஸால் ஐயா, எடை ரெண்டாயிரத்து நூறு பவுண்டுன்னு போட்டிருக்கு. வயசு நாலு. சினைப்படுத்த முழுத் தகுதி உண்டாம். இது உங்களைப் பத்தினதுதானா?"

என் காளைக்கு மாட்டு வைத்தியர் தந்த சான்றிதழ் அது. வண்டியில் கிடந்தது அந்தக் கட்டோடு கலந்திருக்கிறது. அடியில், 'பரிசீலித்தேன், ஒப்புகிறேன்' என்று எங்கள் டாக்டரின் அழகான கையெழுத்து.

சிரிப்பு அடங்கச் சற்று நேரம் பிடித்தது. பொய் சொல்ல ஒன்றும் தோன்றவில்லை.

"அது என் காளையோடதுங்க, அம்மா. டாக்டர் படிக்காமப் போட்டுட்டாரு. நான் படிக்காமக் கொண்டாந்துட்டேன்."

குழுவில் ஒரே ஓட்டு வித்தியாசத்தில் மசோதா தேறியது. பிறகு சட்டமும் ஆனது. என் பேச்சால்தான் கிளினிக் பிழைத்தது என்று காபிக் கடையில் இன்றும் சொல்லிக்கொள்கிறேன். யாரும் மறுப்பதில்லை. லோர்னா மட்டும், நான் கிளினிக்குக்குப் போகும் ஒவ்வொரு முறையும் என் சீட்டை என்னிடமே கொடுத்து உட்காரவைக்கிறாள்.

"முழுசா படிங்க. நீங்கதானான்னு பார்த்துச் சொல்லுங்க. அப்புறம் ஊசி."