இலை மறைக்கிறது

ரூத் பறவைப் படம் போட்டால் பறவை பார்ப்பவர்களான எங்கள் வாட்ஸப் குழுவில் பாராட்டுக்குப் பஞ்சமே இருக்காது. கட்டைவிரல்கள் வரிசை கட்டி நிற்கும். அவளுடைய திருவிடந்தை சர்ச் சபைக் குழுவில் போட்டால் இன்னும் ஒரு படி மேல். மங்கலாக விழுந்த கொக்குக்குக்கூட ‘ஆமென்’ போடுவார்கள். இந்த ‘சூப்பர்’ என்ற சொல்லைக் கண்டுபிடித்தவனை நிற்க வைத்து உதைக்கலாம் என்று எனக்குத் தோன்றும்.

"எல்லாரும் சூப்பர் சூப்பர்னே சொல்லிகினு இருந்தா நான் எப்பக்கா கத்துக்கறது?" என்று ரூத் என்னிடம் புலம்புவாள்.

நாவலூரில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் அலுவலகத்தில் அவளுக்கு வேலை. லிஃப்ட் நிற்கிறது, குழாய் ஒழுகுகிறது, மரக்கிளை கண்காணிப்புக் கேமராவை மறைக்கிறது என்று யார் புகார் சொன்னாலும் அன்றைக்கே ஆளை அனுப்பி முடித்துவிடுவாள். ‘நாளைக்குப் பார்க்கலாம்’ என்ற பேச்சே அவளிடம் கிடையாது. அதனால் அங்கே அவளுக்கு நல்ல பெயர்.

எங்கள் குழுவில் குறை சொல்லும் ஒரே ஆள் பக்தவத்சலம் சார். கல்பாக்கத்தில் விஞ்ஞானியாக இருந்து ஓய்வு பெற்றவர். பேச்சு வெட்டு ஒன்று, துண்டு இரண்டு. அவருக்குப் பயந்தே பலர் படம் போட மாட்டார்கள். ரூத் தானாகவே போய்க் கேட்டாள்: "சார், என் படத்துல இன்னா தப்புன்னு சொல்லுங்க. நான் ஒண்ணும் நெனச்சுக்க மாட்டேன்."

அவள் அனுப்பிய படம், வீட்டுச் செம்பருத்திச் செடியில் கொண்டைக்குருவி கட்டியிருந்த கூடு. உள்ளே கண் திறக்காத மூன்று குஞ்சுகள். சார் எழுதினார்: "ஒளி நன்றாக இருக்கிறது. ஆனால் கூட்டை இலை மறைக்கிறது. அதைச் சரிசெய்தால் நல்ல படம்."

அவ்வளவுதான். எந்தப் பக்கம் நகர்ந்து எடுப்பது, எவ்வளவு தள்ளி நிற்பது என்று ஒரு வார்த்தை இல்லை. ரூத்துக்கோ எத்தனையோ மாதம் ஏங்கிக் கிடைத்த முதல் குறை. மறுநாள் காலை வேலைக்குக் கிளம்பும் முன் கத்தரிக்கோலை எடுத்துப்போய், கூட்டின் மேலே கவிந்திருந்த இலைகளை நறுக்கினாள். குஞ்சுகள் வாய் பிளந்த படம் பளிச்சென்று விழுந்தது. பேருந்தில் உட்கார்ந்ததும் அதைக் குழுவில் போட்டாள்.

"பிரமாதம். இதுதான் முன்னேற்றம்" என்று சாரிடமிருந்து பதில் வந்தது. அன்று முழுக்க ரூத்துக்குக் கால் தரையில் பாவவில்லை.

மாலையில் அவள் கணவன் ஸ்டான்லி வாசலிலேயே நின்றிருந்தான். இரவு ஷிஃப்டில் வண்டி ஓட்டுபவன்; பகலில் வீட்டில் தூங்குவான்.

"கூட்ல ஒண்ணும் இல்லம்மே. மத்தியானம் ஒரே காக்கா சத்தம். நான் எய்ந்து வர்றதுக்குள்ள எல்லாத்தயும் தூக்கினு பூட்ச்சி."

"இத்தினி நாளா வராத காக்கா இன்னிக்கு எப்டிய்யா வந்துச்சு?"

"மேல இன்னா கீது மறைக்க? மொட்டையா கீது."

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. செடியடியில் காலையில் தான் வெட்டிப் போட்ட இலைகள் வாடிக் கிடந்தன. அங்கேயே உட்கார்ந்து அழுதாள்.

பிறகு குழுவில் எழுதினாள்: "சார், இலைய நான்தான் வெட்டினேன். மூணு குஞ்சும் போச்சு. படத்த குரூப்லேர்ந்து எடுத்துடறேன்." சார் எழுதினார்: "நீ நகர்ந்து நிற்பாய் என்று நினைத்தேனம்மா. சொல்லியிருக்க வேண்டும்."

எனக்கு அவர்மேல் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. குறை சொல்லத் தெரிந்தால் போதுமா? ஒரு வார்த்தை கூடச் சேர்த்து எழுதினால் விரல் தேய்ந்துவிடுமா? ரூத்மேலும் கோபம்தான். ஆனால் அவள் முகத்தைப் பார்த்து அதை எப்படிச் சொல்வது?

மறுநாள் காலை நான் அவள் வீட்டுக்குப் போனபோது அவள் செம்பருத்தி எதிரே நின்றிருந்தாள். பழக்கதோஷத்தில் கேமரா கழுத்தில் தொங்கியது. தாய்க்குருவி அலகில் புழுவோடு வந்து கூட்டு விளிம்பில் உட்கார்ந்தது. உள்ளே பார்த்தது. பறந்து போய் மறுபடி வந்தது. வெயில் இதமாக விழுந்தது. நடுவில் ஓர் இலைகூட இல்லை. ரூத் கேமராவைத் தொடவில்லை.

குருவி அந்தப் புழுவைத் தானும் தின்னாமல், திரும்பத் திரும்ப வந்துகொண்டே இருந்தது.