சந்தன நிறமும் காலி ஆல்பமும்

அடுத்தவர் வீட்டுச் சுவருக்கு நிறம் சொல்லிப் பிழைக்கிறவருக்கு நெஞ்சு கொஞ்சம் கெட்டியாக இருக்க வேண்டும். அதே தொழிலில் இருக்கும் சக பாவிகளுக்கு இதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. தொண்ணூறுகளின் நடுவில், பெங்களூரில் இன்டீரியர் படித்துவிட்டு வந்து காந்திபுரத்தில் ஒரு மாடி அறையில் போர்டு மாட்டினேன். கோயம்புத்தூர் முழுக்க ரோஸும் பிஸ்தா பச்சையும் வானநீலமுமாக இருந்த காலம். நானோ சந்தனம், மணல், கோதுமை, பால் கலந்த டீ என்று கண்ணை உறுத்தாத நிறங்களைத் தூக்கிக்கொண்டு அலைந்தேன்.

அப்பா ஒரு கெடு வைத்திருந்தார். பொங்கலுக்குள் நான் சொன்ன நிறத்தில் ஒரே ஒரு வீடாவது முடிந்து, வீட்டுக்காரருக்கும் பிடித்து, அதன் போட்டோ என் ஆல்பத்தில் ஏற வேண்டும். இல்லாவிட்டால் மாமா பேசி வைத்திருந்த பள்ளிக்கூடத்துக்கு டிராயிங் டீச்சராகப் போய்விட வேண்டும். ஆல்பம் மட்டும் வாங்கி வைத்திருந்தேன்.

முதல் ஹால்

பீளமேட்டில் பம்ப்செட் பவுண்டரி வைத்திருந்தவர்தான் முதல் வாடிக்கையாளர். ஹாலுக்குக் கோதுமை நிறம். இரண்டு கோட் முடித்து, தரையைத் துடைத்து, கேமராவோடு காத்திருந்தேன். சாயங்கால வெயில் ஜன்னல் வழியாக விழுந்ததும் சுவர் அப்படி ஒரு இதமாக மாறியது. எனக்கே கண் கலங்கிவிட்டது.

பவுண்டரிக்காரர் வந்தார். ஹாலை ஒரு சுற்று சுற்றினார். சுவரை விரலால் தடவிப் பார்த்துத் தலையாட்டினார். பிடித்துவிட்டது என்று எனக்கு உயிர் வந்தது.

"பிரைமரு சுத்தமா அடிச்சிருக்கறீங்க அம்மணி. பெயிண்டு எப்ப ஆரம்பிக்கறீங்க?"

காதர் பாயின் இரக்கம்

அந்த ஹால் அதே வாரம் ரோஸ் ஆனது. அடித்தது என் பெயிண்டர் காதர் பாய்தான். உக்கடத்துக்காரர், தொழிலில் முப்பது வருஷம் ஊறியவர். கை அத்தனை சுத்தம். மனசு அதைவிட இளகியது. ஆபத்து அங்கேதான் இருந்தது.

அடுத்தது சாயிபாபா காலனியில் ஒரு வீடு. படுக்கையறைக்கு மணல் நிறம். டப்பாவில் கலந்து, நிறத்தைச் சரிபார்த்து, பாயிடம் கொடுத்துவிட்டு வந்தேன். மறுநாள் காலையில் போய்ப் பார்த்தால் அறை பச்சைப் பசேல் என்று இருக்கிறது. நான் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். உள்ளே வீட்டுக்காரம்மா பூரித்துப் போய், பாய்க்கு டீ கொடுத்துக்கொண்டிருந்தார். அவர் போனதும் பாய் என் பக்கத்தில் வந்து, குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

"பாக்கவே பாவமா இருந்துச்சுங்க அம்மணி. நானே ஒரு பாட்டில் பச்சை வாங்கிக் கலந்துபோட்டேன்."

புதுமனை புகுவிழா

மூன்றாவது வீட்டில் நான் அசரவில்லை. ராமநாதபுரத்தில் நூல் வியாபாரியின் புது வீடு. பாயின் பையைச் சோதித்த பிறகே வேலைக்கு விட்டேன். வீடு முழுக்கச் சந்தனம். விழா நாளில் விளக்கெல்லாம் எரியப் படம் எடுக்கலாம் என்று கேமராவோடு போய் நின்றேன்.

பொள்ளாச்சியிலிருந்து வியாபாரியின் தங்கை வந்து இறங்கினார். ஹாலுக்குள் கால் வைத்தவர் நாலு சுவரையும் பார்த்தார். முகம் மாறிவிட்டது. அண்ணனைக் கையைப் பிடித்து ஓரமாகக் கூட்டிப் போனார். ரகசியமாகத்தான் கேட்டார், ஆனால் பந்தி வரைக்கும் கேட்டது.

"ஏனுங்கண்ணா, தொழில்ல ஏதாச்சும் அடி வாங்கிபோட்டீங்களா? எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லக்கூடாதுங்களா?"

லட்சுமி வைத்த பரீட்சை

அந்த வீடும் வானநீலம் ஆயிற்று. மார்கழி பாதி போய்விட்டது. பள்ளிக்கூடத்துக்குக் கட்டிக்கொண்டு போக அம்மா இரண்டு காட்டன் புடவைகூட எடுத்து வைத்துவிட்டார். அந்த நேரத்தில் கோபிசெட்டிபாளையத்திலிருந்து அழைப்பு வந்தது. வாழைத் தோட்டத்துக்கு நடுவே பெரிய வீடு. அங்கே முடிவு எடுப்பவர் சரசக்கா. சந்தன நிறத்தைக் காட்டி வெளிச்சம், இதம், அமைதி என்று அரை மணி நேரம் பேசினேன். அவர் கொட்டாவி விட்டார். போச்சு என்று கலர் அட்டையை மடக்கினேன். பின்னால் நின்ற காதர் பாய் மெதுவாக வாயைத் திறந்தார்: "இதுல அழுக்கு தெரியாதுங்க."

சரசக்கா நிமிர்ந்து உட்கார்ந்தார். அப்படியானால் முதலில் மாட்டுக் கொட்டகையில் ஒரு சுவருக்கு அடிக்கச் சொன்னார். மூன்று நாள் பார்த்துவிட்டுத்தான் வீடாம். பெங்களூர் வரை போய்ப் படித்த படிப்பு லட்சுமி என்ற செவலை மாட்டின் வாலில் வந்து நின்றது. மூன்று நாளும் லட்சுமி அந்தச் சுவரில் உடம்பைத் தேய்த்தது. வாலால் அடித்தது. செம்மண்ணையும் சாணத்தையும் வாரி இறைத்தது. நாலாம் நாள் சரசக்கா சுவரைக் கிட்ட நின்று பார்த்தார், எட்ட நின்று பார்த்தார்.

"அட, ஒன்னுமே தெரியல கண்ணு. ஊடு பூராவும் இதையே அடிச்சுபோடுங்க."

ஆல்பத்தில் ஏறிய படம்

போகிக்கு முதல் நாள் வேலை முடிந்தது. ஹாலை மட்டும் பத்துப் படம் எடுத்தேன். கிளம்பும்போது, பாஸ் போட்டது லட்சுமிதானே என்று சரசக்கா அதை வாசலுக்கு ஓட்டி வந்து, சுவருக்கு முன்னால் நிறுத்தி, அதையும் ஒரு படம் எடுக்க வைத்தார். ஸ்டுடியோவில் பிரிண்ட் வாங்கி அங்கேயே உறையைப் பிரித்தேன். ஃபிளாஷ் வேலை செய்யாமல் ஹால் படம் பத்தும் கறுப்பாக வந்திருந்தன. தேறியது வாசலில் எடுத்த ஒன்றுதான்.

அழுதுகொண்டே அதை ஒட்டி அப்பாவிடம் நீட்டினேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். மாட்டைப் பார்த்தார். அதன் முதுகுக்கு மேலே, வெயில் பட்டு நின்ற சந்தனச் சுவரையும் பார்த்தார்.

"மாடு லட்சணமா இருக்குது கண்ணு. நீ டீச்சர் வேலைக்கு வரலைன்னு மாமங்கிட்டச் சொல்லிப்போடறேன்."

அன்றிலிருந்து வெளிச்சம், இதம் என்று யாரிடமும் பேசுவதை விட்டுவிட்டு, வீட்டில் மாடு இருக்கிறதா என்றுதான் முதலில் விசாரிக்கிறேன்.