தர்ஷனின் ஞாயிற்றுக்கிழமை ரேஸ்

தலவாக்கலை பஸ் நிலையத்துக்கு எதிரே ஒரு மின்சாமான் கடையில் தர்ஷன் வேலை பார்க்கிறார். வயது முப்பத்து நான்கு. கிழமையில் ஆறு நாளும் வயர், பல்பு, சுவிட்ச். ஞாயிறு பிற்பகல் இரண்டு மணிக்கு மட்டும் அவர் ரேஸ் நடத்துபவர். மேசை விளிம்பில் இறுக்கிப் பூட்டிய பழைய ஸ்டியரிங், காலடியில் பெடல்கள், முன்னால் கணினி. அவ்வளவுதான் மைதானம்.

ஓட்டம் நடப்பது இணையத்தில். ஒரே பாதையில் இரண்டு வகை வண்டிகள் ஓடும். பெரிய வண்டி பறக்கும். சின்ன வண்டி மெதுவாக, ஆறுதலாக வரும். இரண்டுக்கும் தனித்தனி முதலிடம். கை தேர்ந்தவர் பெரியதை எடுப்பார், பழகாதவர் சின்னதை. ஓட்டத் தெரியவில்லை என்று யாரும் வெளியே நிற்க வேண்டாம்.

இது தொடங்கியது ஊரடங்குக் காலத்தில். அக்கரப்பத்தனையில் ஒரே தோட்ட லயத்து வரிசை வீடுகளில் வளர்ந்தவர்கள் அப்போது ஆளுக்கொரு ஊரில் அடைபட்டிருந்தார்கள். கந்தப்பன் கொழும்பில், துணிக்கடை வேலையில். வினோதா கந்தப்பளையில், ஆசிரியை. இன்னும் நாலைந்து பேர். பேசிக்கொள்ள ஒரு சாக்கு வேண்டியிருந்தது. ரேஸ் அந்தச் சாக்கு.

அந்தக் காலத்தைப் பற்றிக் கேட்டால் தர்ஷன் நிறுத்தமாட்டார். கந்தப்பன் பாதை தெரியாமல் எதிர்த்திசையில் ஓடி எல்லோரையும் நேருக்கு நேர் சந்தித்தது. வினோதா மைக்கை அணைக்க மறந்து, ஓட்டத்தின் நடுவே பருப்புக்குத் தாளித்தது. மின்வெட்டு வந்தபோது ஊருக்கு ஊர் வேறு நேரம். ஓடிக்கொண்டிருந்த வண்டி கண்ணெதிரே மறைந்துபோகும். நாடே பெட்ரோல் வரிசையில் நின்ற அந்த வருடம், தாங்கி நிறைய எண்ணெயோடு ஓடியவை இந்த வண்டிகள்தான்.

“யாரு ஜெயிச்சாங்கன்னே ஞாபகம் இல்லீங்க,” என்கிறார். “சிரிச்சு வயிறு வலிச்சது மட்டும்தான் ஞாபகம்.”

பிறகு ஹட்டன், நுவரெலியா என்று ஆட்கள் சேர்ந்தார்கள். வண்டிகள் இடிபடுவதும் கூடியது. அதற்குப் பாதிக் காரணம் மரியாதை. மலைப்பாதையில் பின்னால் வேகமாக ஒரு வண்டி வந்தால், முன்னால் போகிறவர் இடது சிக்னல் போட்டு ஓரங்கட்டுவார். கடந்துபோகிறவர் ஒருமுறை ஹோர்ன் தட்டுவார். வினோதா ரேஸிலும் அதையே செய்தார். வளைவில் பெரிய வண்டி இடப்பக்கமாக நுழையும் அதே நேரம், அவரும் பணிவாக இடப்பக்கம் ஒதுங்குவார். டமார்!

தர்ஷன் விதி எழுதினார். சின்ன வண்டி விலகக்கூடாது, நேரே போகவேண்டும். கடப்பது பெரிய வண்டியின் பொறுப்பு. அது நல்ல விதிதான். ஆனால் அதற்குப் பின்னால் இன்னும் பல விதிகள் வந்தன. ஓட்டம் முடிந்ததும் பதிவைத் திரும்பத் திரும்பப் போட்டு விசாரணை. ஒரு ஞாயிறு, தீர்ப்பு வினோதாவுக்கு எதிராக வந்தது: அடுத்த ஓட்டத்தில் கடைசியில் நிற்க வேண்டும்.

“நான் வழிதானே விட்டேன்? அதுக்குத் தண்டனையா?”

“விடக்கூடாதுங்கறதுதான் விதி, வினோதா.”

“டீச்சர், நீங்க வழிவிட்டு வழிவிட்டே என்னைய கொல்றீங்க,” என்றார் கந்தப்பன்.

வினோதா சிரிக்காமல் தர்ஷனிடம் சொன்னார்: “நான் என் கிளாஸ் புள்ளைங்களையே முழங்கால்ல நிக்க வைக்க மாட்டேன். நீ என்னைய கடைசில நிக்க வைக்கிற. வச்சுக்கோ ஒன் ரேஸ.”

அவர் போனபின் ஒவ்வொருவராகக் கழன்றார்கள். கடைசியில் ஒரு ஞாயிறு தர்ஷனும் கந்தப்பனும் மட்டும். ஒருவர் பெரிய வண்டி, மற்றவர் சின்ன வண்டி.

“வாழ்த்துகள் மச்சான்,” என்றார் கந்தப்பன். “நீயும் மொதலாவது, நானும் மொதலாவது. வெற்றிக் கப்ப யாருக்கு யாரு குடுக்கறது?”

மறுநாளே தர்ஷன் வினோதாவை அழைத்தார். சுற்றி வளைக்காமல், “நீ இல்லாம நல்லாவே இல்ல. வா,” என்றார்.

“விசாரணை வைப்பியா?”

“விசாரணை இல்லேன்னா எல்லாரும் இடிச்சுத் தள்ளிட்டுப் போயிருவாங்களே.”

“நம்ம ரோட்டுல ஒருத்தன இடிச்சு ஓரத்துத் தண்ணிக் கானுக்குள்ள தள்ளிட்டா, விட்டுட்டா போவாங்க? அவன் மேல ஏறி வர்ற வரைக்கும் நிப்பாங்கல்ல? அத மட்டும் விதியா வை.”

தர்ஷன் மற்றதையெல்லாம் அழித்தார். மிஞ்சியவை இரண்டு: சின்ன வண்டி நேரே போகட்டும்; இடிபட்டவர் மறுபடி பாதையில் ஏறும்வரை இடித்தவர் நிற்கட்டும். தீர்ப்புச் சொல்ல ஆள் இல்லை.

செய்தி கேட்டு அந்த ஞாயிறு ஒன்பது பேர் வந்தார்கள். கடைசிச் சுற்றில் பெரிய வண்டிகளில் தர்ஷன் முன்னால். கொஞ்சம் பின்னால் கந்தப்பன். வளைவில் வினோதாவின் சின்ன வண்டி, இம்முறை விலகாமல் நேரே போனது. தர்ஷன்தான் அவசரப்பட்டார். பக்கவாட்டில் உரச, வினோதா புல்வெளிக்குள் சுழன்று நின்றார்.

தர்ஷன் பிரேக்கை மிதித்தார். ஹோர்னை விடாமல் அடித்தபடி கந்தப்பன் கடந்து போனார்.

“இரு, இரு, ரிவர்ஸ் எங்க இருக்குன்னு தேடுறேன்,” என்றார் வினோதா.

“அஞ்சு வருசமா ஓட்டுற, தெரியாதா?”

“தெரியும். நீ நில்லு.”

மைக்கில் எல்லோரும் சிரித்தார்கள். ஒன்றன்பின் ஒன்றாக வண்டிகள் கடந்தன. வினோதா மெதுவாகப் பாதையில் ஏறி, தர்ஷனுக்கு முன்னால் போனார்.

“அடுத்த ஞாயிறு எங்க கோயில்ல பூசை இருக்கு,” என்றார். “ரெண்டு மணிக்கு முடியாது. மூணுக்கு வை.”